கம்பி விட்டு வைத்த வீடுகள்

அரும்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி. நாலு மூலையிலும் தூண் கம்பிகள் இரண்டடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு மூலையில் கம்பிகளின் தலையில் காலித் தண்ணீர் பாட்டில்களைக் கவிழ்த்திருக்கிறார்கள். இரண்டு மூலைகளுக்கு நடுவே துணிக்கொடி. நாலாவதில் திருஷ்டிப் பொம்மை. ஒரு கட்டிடக்கலைஞர் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் ஒரு கம்பியைத் துரு உதிர உதிரத் தேய்த்தார். பிறகு காலிப்பரை வைத்து அளந்தார். கட்டியபோது 12 மில்லிக் கம்பி. இப்போது 10 மில்லிதான் தேறியது. விட்டத்தில் இரண்டு மில்லி குறைந்தால் குறுக்குப் பரப்பில் முப்பது சதவீதம் போயிற்று என்று கணக்கு.

"பெரியவனுக்குக் கல்யாணம் ஆனா மேல ஒரு ரூம் போட்டுக்கலாம்னு விட்டு வெச்சது சார். பதினாறு வருஷம் ஓடிப்போச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. பெரியவனுக்கு இப்போது பெண் பார்த்தாகிவிட்டது. கம்பியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சொன்னார். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

தமிழ்நாட்டில் எந்த ஊர்த் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இந்தக் கம்பிகள் தெரியும். தெரியாதவர் கண்ணுக்குப் பாதியில் நின்றுபோன வேலை. அந்தக் கட்டிடக்கலைஞருக்கோ அது எழுதி வைக்காத வரைபடம். இன்றைக்கு இவ்வளவு, கை கூடும்போது மீதி என்று ஒரு குடும்பம் தன் வருங்காலத்தை இரும்பில் குறித்து வைத்திருக்கிறது. அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் வீடுகளை அளப்பதிலும், வளர வசதியாக வீடுகளை வடிவமைப்பதிலும் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவர் அவர். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் துறைக்கு மாடுலர் கட்டுமானம், தகவமையும் வீடு என்றெல்லாம் பெயர் உண்டு. மாடுலர் என்றதும் நம் ஊரில் சமையலறை அலமாரிதான் நினைவுக்கு வரும். அளவு ஒத்த துண்டுகளைச் சேர்த்து வீட்டைக் கட்டுவது, பிறகு இன்னொரு துண்டைச் சேர்க்கவும் வேண்டாததைக் கழற்றவும் வழி விடுவது, இரண்டும் சேர்ந்ததுதான் மாடுலர் என்பது அவர் கணக்கு. முதல் பாதியைத் தொழிற்சாலைகள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. இரண்டாவது பாதியில்தான் அவருடைய வாழ்நாள் வேலை கிடந்தது.

முதல் பாடம் ஒரு டேப்பில் கிடைத்தது. எண்பதுகளின் கடைசி. படிப்பு முடிந்த கையோடு, நகரத்தின் ஓரத்தில் வரிசை வீடுகள் கட்டும் ஒரு வேலையில் மேற்பார்வைக்குச் சேர்ந்திருந்தார். கல்லூரியில் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் 100 மில்லிமீட்டரின் மடங்கில் வரைந்தார். சர்வதேசத் தரநிலையின் அடிப்படை அளவு அது. கதவும் ஜன்னலும் தளமும் அதே அளவின் மடங்காக இருந்தால், யார் எங்கே செய்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும். அவர் வரைந்த கட்டம் 900 மில்லிமீட்டர். வேலை தொடங்கிய அன்று மேஸ்திரி கேட்டார்: "தொள்ளாயிரம்னா மூணு அடிதானே சார்?"

அவர் தலையாட்டிவிட்டார்.

மூன்று அடி என்பது 914.4 மில்லிமீட்டர். ஒரு கட்டத்தில் 14 மில்லி யார் கண்ணுக்கும் படாது. பத்துக் கட்டம் போனபின் 144 மில்லி, ஏறக்குறைய அரையடி. கடைசிச் சுவர், பக்கத்து மனைக்கும் நமக்கும் நடுவே விட வேண்டிய சந்துக்குள் நுழைந்து நின்றது. போட்ட அஸ்திவாரத்தை உடைத்துத் திரும்பப் போட்டார்கள். செங்கல்லும் சண்டைக்கு வந்தது. இந்தியத் தரநிலையில் மாடுலர் செங்கல் என்று ஒன்று உண்டு: 190, 90, 90. கலவையோடு சேர்த்தால் 200, 100, 100 என்று கச்சிதமாக வரும். அவர் வரைபடம் அதை நம்பி வரைந்தது. சூளையிலிருந்து லாரியில் வந்து இறங்கியதோ வழக்கமான ஒன்பது இஞ்ச் கல். ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும் கல்லை உடைத்துத்தான் வரிசையை முடிக்க வேண்டியிருந்தது. உடைந்த துண்டுகள் இடுப்பளவுக்குக் குவிந்தன. சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் அந்தக் குவியலை நாளெல்லாம் சட்டியில் அள்ளி அப்புறப்படுத்தியதை அவர் இன்றும் சொல்வார். அது அவர் பேனா செய்த வேலை.

கொத்தனாரின் கையில் ஊறிய அளவு எதுவோ அதுதான் அந்த ஊரின் மாடுல் என்று அன்றைக்குப் பிடிபட்டது. ஒன்பது இஞ்ச் சுவர், நாலரை இஞ்ச் சுவர் என்றுதான் சென்னையில் பேச்சு. அதற்குப் பிறகு அவர் செங்கல்லில் கட்டும் எந்த வீட்டையும் நாலரை இஞ்ச் கட்டத்தில்தான் வரைந்தார். உடைந்த கல் குவியல் முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய கல்லூரி நூலகத்தில் ஜான் ஹப்ராக்கன் கைக்குக் கிடைத்தார். டச்சுக் கட்டிடக்கலைஞர், 1928-இல் இன்றைய இந்தோனேசியாவின் பாண்டுங்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பிய அரசுகள் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடிகளைக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, 1961-இல் ஒரு புத்தகம் போட்டு மறுத்துப் பேசினார். 1972-இல் அது 'சப்போர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் வந்தது. அவர் சொன்னது நேரான விஷயம். வீட்டை இரண்டாகப் பிரியுங்கள். தூண், தளம், படிக்கட்டு, பெரிய குழாய்கள் எல்லாம் பொது. அவை பல தலைமுறை நிற்க வேண்டும். உள்ளே வரும் தடுப்புச் சுவர், சமையலறை, குளியலறை எல்லாம் குடியிருப்பவரின் விருப்பம், அவை மாறலாம். முன்னதைத் தாங்கி என்றும் பின்னதை நிரப்பு என்றும் நம் கட்டிடக்கலைஞர் மாணவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பார். 1964-இல் நெதர்லாந்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் பிறந்தது. பத்து சென்டிமீட்டர், இருபது சென்டிமீட்டர் பட்டைகள் மாறி மாறி வரும் ஒரு கட்டத்தை அவர்கள் உருவாக்கினார்கள். சுவர் எந்தப் பட்டையில் விழும் என்று முன்பே தெரிந்தால், சுவர் செய்பவரும் அலமாரி செய்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை செய்யலாம். 1977-இல் பாபென்ட்ரெக்ட் என்ற ஊரில் ஃபிரான்ஸ் ஃபான் டெர் வெர்ஃப் இந்த முறையில் ஒரு குடியிருப்பைக் கட்டி முடித்தார். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டின் உள்ளமைப்பை உட்கார்ந்து பேசி முடிவு செய்தது.

அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது அவர் மனம் காரைக்குடிப் பக்கம் போய்விட்டது. செட்டிநாட்டு வீட்டில் வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமாகும் ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அவன் குடும்பம் தனிப் புள்ளி, தனிக் கணக்கு. முற்றமும் பத்தியும் எல்லோருக்கும் பொது. தாங்கியும் நிரப்பும் பர்மா தேக்கிலும் செட்டிநாட்டுப் பூச்சிலும் அங்கே எப்போதோ நின்றுகொண்டிருந்தன.

சென்னையில் இதற்கு ஒரு பெரிய சோதனைக்கூடமே இருக்கிறது. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய முதல் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், முழு வீடு கட்டிக் கொடுப்பதை விட்டுவிட்டு மனையும் அடிப்படை வசதியும் கொடுப்பது என்ற வழியைப் பிடித்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் முதலில். பிறகு முகப்பேர் போன்ற இடங்கள். சாலை, தண்ணீர், கழிவுநீர், தெருவிளக்கு. கிரவுண்டில் கால் பங்குகூட இல்லாத சிறு மனைகளில் ஒரு கழிப்பறையும் வீட்டின் தொடக்கமாகக் கொஞ்சம் கட்டுமானமும். மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். நகரத்துக்கு வெளியே காலியாகக் கிடந்த அந்த மனைகளைப் பார்த்து, தோற்றுப்போன திட்டம் என்று அப்போது பலர் எழுதிவிட்டார்கள். தொண்ணூறுகளில் அந்த வழி கைவிடப்பட்டது. 2018-இல் 'வேர்ல்ட் டெவலப்மென்ட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து, அவை வெற்றி பெற்றிருக்கின்றன என்று சொன்னது. அவருக்கு அது செய்தியாகவே இல்லை. அந்தத் தெருக்களில் டேப்போடும் நோட்டோடும் வருஷக்கணக்காக அவர் நடந்துகொண்டிருந்தார்.

அவர் நோட்டில் இருப்பது வீடுகள் வளர்ந்த வரிசை. முதலில் வாசலுக்கு ஒரு மறைப்பு வரும். பிறகு கழிப்பறையை ஒட்டி அடுப்படி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போய்த் தளம் போடக் காசு சேர ஏழெட்டு வருஷம். தளம் விழுந்த பிறகுதான் வீட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கேள்வி எழும்: படிக்கட்டு எங்கே? வாசலிலிருந்து வீட்டுக்குள் நுழையாமல் நேராக மேலே போகும் படி இருந்தால், மாடியை வாடகைக்கு விடலாம். அந்த வாடகையே அடுத்த அறையைக் கட்டும், பிள்ளையைப் படிக்க வைக்கும், முதுமையில் சோறு போடும். படிக்கு இடமில்லாமல் தொடக்கக் கட்டுமானத்தைக் குறுக்கே வைத்துவிட்ட மனைகளில் வீடு தரையோடு நின்றது. இல்லாவிட்டால் தெருக் கால்வாயின் மேல் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அப்படி ஓர் ஏணியில் ஒரு பாட்டி குடத்தோடு பின்பக்கமாக இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து எந்த வளரும் வீட்டின் வரைபடத்திலும் அவர் முதலில் வரையும் கோடு படிக்கட்டுதான். அறை பிறகு.

வளர வழி விட்டு வீட்டைக் கட்ட வேண்டும் என்ற முடிவுக்குத் தனித்தனியே வந்து சேர்ந்தவர்கள் உலகத்தில் உண்டு. நவி மும்பையின் பேலாப்பூரில் எண்பதுகளில் சார்லஸ் கொரியா கட்டிய குடியிருப்பில் எந்த வீடும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒருவர் மேலே எழுப்பலாம். இந்தூரின் அரண்யாவில் பி.வி. தோஷி ஏறக்குறைய 6,500 மனைகளுக்குத் திட்டமிட்டார். மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். மாதிரிக்காக 80 வீடுகளைக் கட்டிக் காட்டி, மீதியை மக்களிடம் விட்டார். அங்கே நம் கட்டிடக்கலைஞர் போனபோது தோஷியின் மாதிரிப் படிக்கட்டுகளைப் பார்த்து மற்றவர்கள் கட்டிய படிக்கட்டுகளைத்தான் அதிக நேரம் படம் எடுத்தார்.

சிலியின் இகிகே நகரத்தில் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலிமென்டல் குழுவுக்குக் கிடைத்த கணக்கு இன்னும் கடினமானது. 93 குடும்பங்கள், குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். நிலம், வசதிகள், வீடு எல்லாம் அதற்குள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல வீட்டின் பாதிதான் வரும். சரி, எந்தப் பாதி? ஒரு குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ளத் திணறும் பாதியைக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். சமையலறை, குளியலறை, படிக்கட்டு, வீடுகளுக்கு நடுவே வரும் சுவர். 2004-இல் மக்கள் குடியேறியபோது வரிசையாக வீடு, வெற்றிடம், வீடு, வெற்றிடம் என்றிருந்தது. வெற்றிடங்களை அவர்களே மரத்தாலும் பலகையாலும் செங்கல்லாலும் அடைத்துக்கொண்டார்கள். அடைத்தவற்றில் சில அசிங்கமாக இருக்கின்றன என்று எழுதியவர்கள் உண்டு. நம் கட்டிடக்கலைஞருக்கு அந்தப் பேச்சில் பொறுமை கிடையாது. தன் கையால் ஓர் அறை சேர்த்த குடும்பத்தின் சுவர் நிறத்தைத் தூரத்திலிருந்து திருத்த யாருக்கும் உரிமையில்லை என்பார்.

தொழிற்சாலையில் வார்த்த பலகைகளோடு அவருக்குக் கிடைத்த அனுபவம் வேறு மாதிரி. வேகம் கண்கூடு. பெரும்பாக்கத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் எழுந்த லைட் ஹவுஸ் திட்டத்தின் 1,152 வீடுகளுக்கு 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்தார்கள். செங்கல் செங்கல்லாக அந்த வேகம் வராது. ஆனால் ப்ரீகாஸ்டில் உயிர் இருக்கும் இடம் பலகை அல்ல, இரண்டு பலகைகள் சேரும் மூட்டு. லண்டனின் ரோனன் பாயின்ட் இதைப் பாடமாக்கிவிட்டுப் போனது. 22 மாடி, பெரிய கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அதிகாலை, 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல. அது தள்ளிவிட்ட ஒரு சுவர்ப் பலகைதான் மேல் மாடிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டாகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். எண்பதுகளில் அந்தக் கட்டிடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுகள் சிலவற்றில் செய்தித்தாள் திணித்திருந்தது தெரிந்தது.

அந்தச் செய்தித்தாள் அவர் தலையிலேயே தங்கிவிட்டது. பல வருஷம் கழித்து, புறநகரில் ஒரு பலகைக் கட்டிடத்தைப் பார்வையிடக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு மாடி முடிந்து, பூச்சு தொடங்கவிருந்தது. சுவர்ப் பலகைக்கும் தளத்துக்கும் நடுவே இருபது மில்லி இடைவெளி விட்டு, அடியில் இரும்புச் சிம் தகடுகள் வைத்து, பலகையை நிறுத்தி, சுருங்காத கிரௌட்டை ஊற்றி நிரப்ப வேண்டும். அவர் பையில் இருந்த ஆறு இஞ்ச் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மூட்டில் நுழைத்தார். முழுசாக உள்ளே போய்விட்டது. விரலை எடுத்தால் ஸ்கேல் உள்ளே விழுந்துவிடும். ஓரத்தில் மட்டும் கலவையை இழுத்துவிட்டு, உள்ளே வெறுமை. சுவர் முழுக்க அந்த இரண்டு சிம் தகடுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது.

கிரௌட் ஊற்றும் பையன்களைக் கேட்டார். "மிக்ஸு சீக்கிரம் இறுகிடுது சார். கிரேனு அடுத்த பேனலைத் தூக்கிட்டு நிக்குது. வாடகை ஏறுதுன்னு கத்துறாங்க." அந்தப் பையன்களின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கிரேனின் மணிக்கணக்கை வைத்துக் கூலியைத் தீர்மானிக்கும் ஒப்பந்தத்தில்தான் கோளாறு. பூச்சை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மூட்டையும் திறந்து, பம்ப் வைத்து, மறுபக்கத் துளையில் கிரௌட் வழியும்வரை நிரப்பினார்கள். ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஸ்கேலை இன்றும் மேஜையில் வைத்திருக்கிறார்.

மூட்டைப் போலவே மறைந்து கிடக்கும் இன்னொன்று குழாய். நம் அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தை ஒரு சாண் கீழே இறக்கி, சன்கன் ஸ்லாப் போட்டு, குழாயைப் பதித்து, ஜல்லியும் கலவையும் கொட்டி மூடிவிடுகிறோம். கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். சரி செய்யக் கீழ்வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். குளியலறையை இன்னோர் இடத்துக்கு மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. ஜப்பானின் ஒசாகாவில் 1993-இல் கட்டிய நெக்ஸ்ட் 21 என்ற குடியிருப்பில் 18 வீடுகள். தரையை உயர்த்தி, அதன் அடியில் குழாய்கள் ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வீட்டின் உள்ளமைப்பு மாறினால் குழாயும் கூடவே நகரும். அதே ஜப்பானில் 1972-இல் கிஷோ குரோகாவா கட்டிய நகாகின் கோபுரத்தில் 140 பெட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் அறை. 25 வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றிப் புதிதாக மாட்டுவது என்று திட்டம். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. கீழே உள்ள பெட்டியை எடுக்க மேலே உள்ளவற்றை எடுக்க வேண்டியிருந்தது. 2022-இல் கோபுரத்தையே பிரித்துவிட்டார்கள். உலகத்தின் மிக அழகான மாடுலர் கட்டிடங்களில் அது ஒன்று என்பதில் நம் கட்டிடக்கலைஞருக்குச் சந்தேகமில்லை. தனித்தனியே கழற்றும் வழியை யோசித்திருந்தால் இன்னும் நின்றிருக்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அவர் கடைசியில் திரும்பி வந்தது மொட்டை மாடிக் கம்பிக்குத்தான். அதில் இரண்டு சிக்கல். ஒன்று துரு; கடற்காற்று வீசும் ஊரில் திறந்து கிடக்கும் கம்பி தேயாமல் இருக்காது. இன்னொன்று உயரம். 2002-இல் தரநிலையைத் திருத்தியபோது சென்னையைப் பூகம்ப மண்டலம் மூன்றில் சேர்த்தார்கள். பூகம்பத்தைத் தாங்க வேண்டிய தூணில் பழைய கம்பியும் புதுக் கம்பியும் சேரும் லேப், தூணின் நடுப்பகுதியில் வர வேண்டும். தளத்தை ஒட்டி வரக்கூடாது. அதாவது இரண்டடி நீட்டி விடுவது போதாது. பத்தடி மாடிக்குக் கம்பி ஐந்தடி உயரமாவது நிற்க வேண்டும்.

முகப்பேரில் பதினெட்டு வருஷத்துக்கு முன் அவர் வடிவமைத்த ஒரு சின்ன வீட்டில் அப்படித்தான் விட்டார். ஐந்தடிக் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி, சுற்றிலும் சிமென்ட் குறைந்த லீன் கான்கிரீட் போட்டு மூடினார். மாடியில் கழுத்தளவுக்குக் குட்டித் தூண்கள் ஆறு. "எதுக்கு சார் இந்தச் செலவு? பாட்டில் கவுத்தாப் போதாதா?" என்று அன்றைய மேஸ்திரி கேட்டார். வீட்டுக்காரருக்கும் அதே சந்தேகம். தூணுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும் என்று சொல்லி ஒப்ப வைக்க வேண்டியிருந்தது.

சென்ற தை மாதம் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. மகளும் மருமகனும் மாடியில் குடிவரப்போகிறார்கள், வந்து பார்க்க முடியுமா என்று. போனபோது குட்டித் தூண்களில் ஒன்றில் மல்லிகைக் கொடி படர்ந்திருந்தது. வீட்டுக்காரம்மா அதைப் பக்குவமாகப் பிரித்து, வெளிப்படிக்கட்டின் கைப்பிடியில் சுற்றிவிட்டார். மேஸ்திரி இப்போது வேறொருவர், இளைஞர். உளியும் சுத்தியலும் எடுத்து மேலிருந்து தட்ட ஆரம்பித்தார். லீன் கான்கிரீட் ஓடு ஓடாக உதிர்ந்தது. கம்பி வெளியே வந்தது. கருநீலம் மாறாமல், முறுக்கு வரிகள் விரலில் தட்டும்படி.

அவர் காலிப்பரை வைத்தார். பன்னிரண்டு.

"லேப் எவ்ளோ சார் விடட்டும்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ரெண்டடி. எல்லாக் கம்பியையும் ஒரே இடத்துல சேர்க்காதப்பா, மாத்தி மாத்திப் போடு. அப்புறம், இதுக்கு மேலயும் அஞ்சடி விடணும்."

வீட்டுக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தார், இன்னும் எத்தனை மூட்டை சிமென்ட் சொல்ல வேண்டும் என்று.